கடைக்காரர் பயமும் நம்ம பிழைப்பும்



மின்சார வண்டி என்றதும் நாம் பேசுவதெல்லாம் எத்தனை கிலோமீட்டர் ஓடும், பேட்டரி என்ன விலை என்பதுதான். அதை விற்கிற டீலருக்கு விற்க மனசு இருக்கிறதா? இதை யாரும் கேட்பதில்லை. டிப்ளமோ முடித்து நாளை அதே ஷோரூம் வாசலில் வேலைக்கு நிற்கப்போகிற நாம்தான் முதலில் கேட்க வேண்டும்.

இன்பிளாண்ட் டிரெயினிங்குக்காக நாகர்கோவிலில் ஒரு ஷோரூமில் பதினைந்து நாள் இருந்தேன். பெயர் வேண்டாம். மின்சார ஸ்கூட்டர் கேட்டு வந்தவர்களை, "மழையில நின்னு போயிரும் அண்ணாச்சி, பெட்ரோலே எடுங்க" என்று விற்பனையாளர் திசை திருப்பிவிடுவார். ஏன் இப்படி என்று சர்வீஸ் மேனேஜரிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "வண்டி வித்தா கெடைக்கது கொஞ்சந்தான் மக்களே. ஆயிலு, ஃபில்டரு, பிளக்கு, கிளச் பிளேட்டு... இதுலதான் கடை ஓடுது. அந்த வண்டியில இதொண்ணும் கெடையாதே!"

இந்தப் பயம் நம்ம ஊரோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் 2023 நவம்பரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கார் டீலர்கள், மின்வாகன விதிகளின் வேகத்தைக் குறையுங்கள் என்று அதிபர் பைடனுக்குக் கடிதம் எழுதினார்கள். 2024 மார்ச்சில் வந்த இறுதி விதிகளில் ஆரம்ப ஆண்டுகளின் கெடுபிடி தளர்த்தப்பட்டிருந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் டெஸ்லாவுக்குப் பெரிய தொழிற்சாலையே உண்டு. ஆனால் கம்பெனி நேரடியாகக் கார் விற்க அந்த மாநிலச் சட்டம் இடம் தருவதில்லை. ஊருக்கு ஊர் டீலர் இருக்கிறார். அவரைத் தெரியாத சட்டசபை உறுப்பினர் இல்லை. செல்வாக்கு வேறெங்கிருந்து வரும்?

நம் நாட்டிலும் நடந்தது. சண்டிகர் நிர்வாகம் 2022இல் கொண்டுவந்த கொள்கை, ஆண்டுக்கு இத்தனை பெட்ரோல் வண்டிகளைத்தான் பதிவு செய்யலாம் என்று வரம்பு வைத்தது. 2023இல் வரம்பு முடிந்து பைக் பதிவு நின்றதும் டீலர்கள் கொதித்தார்கள். வாங்குகிறவர்கள் பக்கத்து மொகாலிக்கும் பஞ்ச்குலாவுக்கும் போய்விடுவார்கள் என்றார்கள். அரசியல்வாதிகளும் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஆண்டு முடியுமுன் வரம்பு போய்விட்டது. அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. நாகர்கோவிலில் மட்டும் தடை போட்டால் நாம் களியக்காவிளை தாண்டிப் போய் வாங்க மாட்டோமா என்ன?

டீலர்களை வில்லனாக்க நான் வரவில்லை. டீலரே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா, டீலர் இல்லாமலே 2021 முதல் ஸ்கூட்டர் விற்றது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்து, 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. வண்டி கெட்டால் போய் நிற்க ஒரு கடை வேண்டும், கேள்வி கேட்க ஒரு முகம் வேண்டும்.

ஆனால் பயம் நியாயமானது என்பதற்காக, காலத்தையே நிறுத்திவை என்று கேட்பது நியாயமா? அந்தத் தாமதத்தால் லாபம் யாருக்கு என்று பாருங்கள். 2019இல் நிதி ஆயோக், 2023 முதல் மூன்று சக்கர வண்டிகளும் 2025 முதல் 150 சிசிக்குக் கீழான இருசக்கர வண்டிகளும் மின்சாரத்தில்தான் ஓட வேண்டும் என்று யோசனை சொன்னது. பஜாஜும் டிவிஎஸ்ஸும் பகிரங்கமாக எதிர்த்தன. யோசனை சட்டமாகவில்லை. ஆனால் அந்த இரண்டு கம்பெனிகளும் சும்மா இருந்தனவா? 2020 ஜனவரியிலேயே சேடக், ஐக்யூப் என்று மின்சார ஸ்கூட்டர்களை இறக்கின. 2025இல் மின்சார ஸ்கூட்டர் விற்பனையில் முதலிடத்துக்குப் போட்டி போட்டதும் இவர்கள்தான்! கிடைத்த அவகாசத்தில் பெரியவர்கள் தயாராகிவிட்டார்கள். வடசேரியில் ஒற்றைக் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனுக்கு என்ன கிடைத்தது? அவரிடம் வேலை பழகுகிற பையனுக்கு என்ன கிடைத்தது?

நண்பர்களே, டீலருக்காக மந்திரியிடம் பேசச் சங்கம் இருக்கிறது. நமக்காகப் பேச நாம்தான் இருக்கிறோம். நாம் கேட்க வேண்டியது மூன்று.

ஒன்று, பாடத்தில் படிக்கிற மின்வாகனம் பரீட்சைத் தாளோடு நின்றுவிடக் கூடாது. நம் ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பூட்ட ஒரு வண்டியாவது வேண்டும். பேட்டரியும் கன்ட்ரோலரும் கையில் பழக வேண்டும்.

இரண்டு, உதிரிபாகமும் பழுது கண்டுபிடிக்கும் மென்பொருளும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குள் பூட்டி வைக்கப்படக் கூடாது. வெளியில் இருக்கும் மெக்கானிக்குக்கும் நியாய விலையில் கிடைக்க வேண்டும்.

மூன்று, டீலர் சங்கங்கள் தங்கள் செல்வாக்கைத் தடை போடுவதற்குச் செலவழிக்காமல், தொழிலாளிக்குப் பயிற்சி கேட்பதற்குச் செலவழிக்கட்டும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைக் காற்றாலைகள் கரண்டாக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சொன்ன ஊர்க்காரர்கள் நாம். ஸ்பேனர் பிடித்த கை மல்டிமீட்டரும் பிடிக்கட்டும் மக்கா! அப்புறம் எந்த வண்டி வந்தாலும் நம்ம பிழைப்பு நம்ம கையில்.

— மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்