கைவேலைப் பக்கம்: மெமரி கூட்டினோம், சேர்வர் எழும்பவில்லை



சென்ற இதழில் தையல் மெசின் பற்றி எழுதியதற்குப் பலர் தொலைபேசியில் கதைத்திருந்தீர்கள். இம்முறை எங்கள் தமிழ்ப் பள்ளியின் நிலவறையில் நடந்த கதை.

நாங்கள் மூன்று பேர். ஒரே தொழிற்சாலையில் இரவு வேலை. எவரும் ஓ.எல். தாண்டியவர்கள் இல்லை. தொழிற்சாலையில் கழித்துவிட்ட பழைய சேர்வர் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பள்ளிக்குக் கொடுத்திருந்தோம். அதில் பிள்ளைகளின் சோதனைத் தாள்கள் இருந்தன. புதிதாக வந்த குடும்பங்கள் கையோடு கொண்டுவந்த படங்களும் பிறப்புப் பத்திரங்களும் ஸ்கான் செய்யப்பட்டு அதற்குள்ளேயே இருந்தன. வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. அது எங்கள் மடமை.

பெட்டி மெதுவாக ஓடுகிறது என்று, 8 ஜிபி மெமரியோடு இன்னும் 16 கூட்டலாம் என நினைத்தோம். பழைய சாமான் கடையில் 8 ஜிபித் துண்டுகள் இரண்டு மலிவாகக் கிடைத்தன. பழையது போலவே டிடிஆர்3. அழுத்தினோம், 'டிக்' என்று இறுகியது. சுவிச்சைப் போட்டால் காற்றாடி மட்டும் பெரிதாக இரைந்தது. திரை கறுப்பு. முன்பக்கத்தில் மஞ்சள் லைற் மின்னியது.

மேலே வகுப்புக்கு வந்திருந்த பெரியம்மா ஒருவர் படியில் நின்று கேட்டார்: "என்ர பிள்ளையின்ர படம் போச்சுதோ தம்பி?" காணாமற்போன மகனின் படம் அது. அவரிடம் இருந்த பிரதி வரும் வழியில் நனைந்து அழிந்துவிட்டது. எங்களுக்கு வாய் வரவில்லை. கொம்பியூட்டர் தெரிந்த தம்பி ஒருவர், "அண்ணை, எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாய்ப் போடுவம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் விடவில்லை.

ஏனென்றால் படங்கள் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். மெமரி என்பது வேலை செய்யும் மேசை போன்றது. மின்சாரம் நின்றதும் அதில் ஒன்றும் மிஞ்சாது. மேசை சரியில்லை என்று அலுமாரியைக் கொளுத்துவார்களா? திரையே வராத இடத்தில் டிஸ்க்கைத் தொட ஒரு காரணமும் இல்லை.

மின் வயரைக் கழற்றி, சுவிச்சைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பின் மின்னேற்றத்தைப் போக்கிவிட்டுப் புதிய துண்டுகளைக் கழற்றினோம். பழைய இரண்டோடு மட்டும் போட்டோம். உடனே திரை வரவில்லை. இந்த வகைப் பழைய சேர்வர்கள் தம்மைச் சோதித்து முடிக்கச் சில நிமிடங்கள் எடுக்கும். அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது. ஐந்தாவது நிமிடத்தில் வந்தது. பெரியம்மாவைக் கீழே கூப்பிட்டுப் படத்தைக் காட்டினோம். மற்றதெல்லாம் பிறகு என்று, அன்றே ஒரு வெளி டிஸ்க் வாங்கி முழுவதையும் பிரதி எடுத்தோம்.

பிறகுதான் லேபிளை ஒழுங்காக வாசித்தோம். பழைய துண்டில் 'பிசி3-10600' என்ற எண்ணுக்குப் பின்னால் 'ஆர்' என்ற எழுத்து. புதியதில் 'யு'. 'ஆர்' என்பது ரெஜிஸ்ரேர்ட் வகை, சேர்வருக்கானது. 'யு' சாதாரண வீட்டுக் கொம்பியூட்டருக்கானது. இரண்டுக்கும் 240 கால்கள், வெட்டும் ஒரே இடத்தில். ஆகவே ஒரே குழிக்குள் நன்றாக இறங்கும். ஆனால் இரண்டையும் கலந்தால் பெட்டி எழும்பாது. லேபிள் கிழிந்திருந்தால் ஒரு பக்கத்துச் சில்லுகளை எண்ணிப் பாருங்கள். சாதாரணத்தில் பெரும்பாலும் 8. சேர்வர் துண்டில் பெரும்பாலும் 9 இருக்கும், நடுவில் வேறொரு சிறிய சில்லும் இருக்கும்.

'ஆர்' துண்டுகள் வாங்கிப் போட்டோம். இப்போது எழும்பியது, ஆனால் கணக்கு 24க்குப் பதில் 8தான். எங்கள் பெட்டியில் இரண்டு பிரொசெசருக்கு இடம் உண்டு, இருப்பதோ ஒன்று. ஆளில்லாத பக்கத்துக் குழிகளில் செருகியிருந்தோம். அவை வேலை செய்யா. எந்தக் குழி எதற்குப் பிறகு என்ற படம் மூடியின் உட்பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. மூடியைச் சுவரில் சாய்த்து வைத்ததில் மூவரும் காணவில்லை!

மாற்றிப் போட்டோம். திரும்பவும் நின்றது. இதயம் நின்றது போலாயிற்று. பிறகு பார்த்தால், மெமரி அளவு மாறியிருக்கிறது, தொடர எஃப்1 அழுத்தவும் என்று திரையில் கேட்டுக்கொண்டு நிற்கிறது. கீபோர்ட் கொழுவவில்லை. கொழுவி அழுத்தினோம், 24 ஜிபி வந்தது. ஒரு இரவு முழுக்க மெம்ரெஸ்ட் ஓடவிட்டுப் பிழை இல்லையென்று கண்ட பிறகே பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டோம்.

அந்த 'யு' துண்டுகளைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. டிடிஆர்3 உள்ள பழைய மேசைக் கொம்பியூட்டர் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை பள்ளிக்கு வந்து கேளுங்கள், சும்மா தருவோம். மடிக் கொம்பியூட்டருக்குப் பொருந்தாது.