இணங்காப் பொறியின் இசை

கருவி திருந்தத் திருந்த இசையுந் திருந்தும் என்பது இக்காலத்தார் பலருடைய கொள்கை. நம் விடுதி அறைகளிலும் இக்கொள்கையே வழங்குகின்றது. பழைய பொறிகளைக் கையாண்டோர் வேறு வழியின்றி இடர்ப்பட்டனர் என்றும், அவர்கள் பல திங்கள் உழைத்துச் செய்தவற்றை இன்று ஒருவனே ஒரு சிறு கணிப்பொறியைக் கொண்டு ஒரு மாலைப்பொழுதிற் செய்துவிடலாம் என்றும் நண்பர் சிலர் கூறுகின்றனர். செய்துவிடலாம் என்பதை யாம் மறுக்கவில்லை. அங்ஙனம் செய்வது வளர்ச்சியாகுமா என்பதே ஈண்டு எழும் வினா. இதனை ஆராய்தற்கு, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மேனாட்டில் நடைபெற்றுவரும் மின்னிசைக் குழு ஒன்றின் வரலாறு பெரிதும் துணைபுரியும். ஜெர்மனி நாட்டு 'டாஞ்சரின் ட்ரீம்' என்பது அக்குழுவின் பெயர். ஆரஞ்சுக் கனவு என்று மொழிபெயர்த்தாற் பொருள் விளங்கும், அழகு விளங்காது. ஆகலின் அப்பெயரையே வழங்குவோம்.

இக்குழுவை 1967-ஆம் ஆண்டில் மேற்குப் பெர்லின் நகரில் நிறுவியவர் எட்கர் ஃப்ரோஸெ என்பார். இவர் 1944-ஆம் ஆண்டில், பெரும்போரின் நடுவே, தில்சித் என்னும் ஊரிற் பிறந்தவர். அவ்வூர் இன்று வேறொரு பெயர் தாங்கி ருஷிய நாட்டின்கண் உள்ளது. ஓவியமும் சிற்பமும் பயின்ற ஃப்ரோஸெ, ஸ்பெயின் தேசத்துக் கடற்கரையூர் ஒன்றில் சால்வடார் டாலி என்னும் பேரோவியரைக் கண்டு பழகியபின், ஓவியத்தில் அவர் துணிந்ததை இசையிலும் துணியலாகாதோ என்னும் எண்ணங் கொண்டனர் என்ப. அந்நாளில் மேனாட்டு இளைஞரிடையே 'சைக்கடெலிக்' என்னும் சொல் எங்கும் ஒலித்தது. உள்ளத்தை வெளிப்படுத்துவது என்பது அதன் மூலப்பொருள். அச்சொல்லோடு கூடிவந்த மயக்கமருந்துப் பழக்கத்தை யாம் ஒருசிறிதும் பாராட்டோம். அதனாற் கெட்டொழிந்தார் பலர். ஆயினும், பாட்டென்பது மூன்று நிமிடத்தில் முடிதல் வேண்டும், தாளம் எப்போதும் முன்னின்று இழுத்தல் வேண்டும் என்று வணிகர் வகுத்த விதிகளை அவ்விளைஞர் உடைத்தெறிந்தமை நன்றே என்போம்.

குழுவின் முதல் இசைத்தட்டு 1970-இல் வெளிவந்தது. 'எலக்ட்ரானிக் மெடிட்டேஷன்', அஃதாவது மின்னியல் தியானம், என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டு ஏமாறுதல் வேண்டா. சிந்தசைசர் என்னும் மின்னொலிப் பொறி ஒன்றேனும் அதில் இல்லை. கித்தாரும் செலோவும் முரசும் ஆர்கனும் கொண்டு, ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில் இருந்து அவர்கள் எழுப்பிய பேரோசையே அது. செலோ வாசித்த கொன்ராட் ஷ்னிட்ஸ்லரும் முரசறைந்த கிளௌஸ் ஷூல்ட்ஸெயும் விரைவில் பிரிந்து சென்று தனித்தனியே புகழ்பெற்றனர். அடுத்துக் கிறிஸ்டோபர் ஃபிராங்கெயும், சிறிது பின்னர்ப் பீட்டர் பௌமனும் வந்து சேர்ந்தனர். 1972-ஆம் ஆண்டுத் தட்டாகிய 'ட்ஸைட்' என்பதற்குக் காலம் என்பது பொருள். இரண்டு தட்டுகள், நான்கு பக்கங்கள், பக்கத்திற்கு ஒரு பகுதி. முழுதும் கேட்க ஏறத்தாழ 75 நிமிடம் ஆகும். அதன் தொடக்கத்தில் நான்கு செலோக்கள் ஒருங்கே முழங்குகின்றன. தாளம் இல்லை. ஃபிராங்கெ முரசு வாசிக்கவென்றே குழுவிற்கு வந்தவர் என்பதை நினைவிற்கொண்டு கேட்டல் வேண்டும். முதன்முறை கேட்பார்க்கு உறக்கம் வருதலுங் கூடும். எம்மொடு கேட்டாருள் ஒருவர்க்கு வந்தது. இத்தகைய இசைக்கு 'ஆம்பியன்ட்' என்று ஆங்கிலேயராகிய பிரையன் ஈனோ பெயரிட்டது 1978-இல் என்க. பெயர்சூட்டு விழாவிற்கு முன்னரே பிள்ளை ஓடியாடத் தொடங்கிவிட்டது.

இனி யாம் கூறப்புகுந்த பொருளுக்கு உயிர்நிலையாய் உள்ளது 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபீட்ரா' என்னும் தட்டேயாகும். இலண்டன் வானொலியில் ஜான் பீல் என்பார் இவர்களுடைய முந்திய தட்டினை அவ்வாண்டின் சிறந்த தட்டெனப் போற்றியதனால், வர்ஜின் என்னும் ஆங்கிலக் குழுமம் இவர்களை அழைத்து ஒப்பந்தஞ் செய்துகொண்டது. 1973-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஆக்ஸ்போர்டு மாவட்டத்துப் பழைய மாளிகையொன்றில் ஒலிப்பதிவு தொடங்கிற்று. அங்கே முதன்முறையாக மோக் என்னும் பெரிய சிந்தசைசரைத் தொடர்நிலைப் பொறியோடு இணைத்து வைத்துக்கொண்டனர்.

தொடர்நிலைப் பொறி என்று யாம் கூறுவது 'சீக்வென்சர்' என்பதனை. மின்னழுத்தத்தின் அளவு ஒவ்வொன்றும் ஒரு சுரத்தைக் குறிக்கும். வரிசையாக உள்ள திருகுகளில் அவ்வளவுகளை முன்னரே அமைத்து வைத்தால், பொறி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுச் சென்று, கடைசி வந்ததும் முதலுக்குத் திரும்பும். கை ஓய்ந்தாலும் சுரவரிசை ஓயாது. ஆயின் அக்காலத்துப் பொறிக்கு ஒரு பெருங்குறை உண்டு. அதனுள் ஒலியலையை எழுப்பும் உறுப்புகள் வெப்பத்திற்கு அஞ்சுவன. பொறி சூடேற ஏறச் சுருதி தானே நகர்ந்துவிடும். சேர்த்த சுருதியை மீண்டும் சேர்த்தல் வேண்டும். அதற்குள் மற்றொன்று கலையும். இவ்விடையூற்றோடு ஒலிநாடாப் பொறி பழுதுற்றது, ஒலிபெருக்கிகளும் பழுதுற்றன. காலை 11 மணி முதல் இரவு 2 மணி வரை நாள்தோறும் உழைத்தும், 11 நாளில் ஆறு நிமிட இசையே தேறியது என்று ஃப்ரோஸெ பின்னாளிற் கூறியுள்ளார்.

இத்தட்டின் முதற்பகுதி 17 நிமிட நீளமுடையது. அதன் அடித்தளத்தில் ஓடும் சுரவரிசையைக் கூர்ந்து கேட்பார், அது சிறிது சிறிதாகத் தன் நிலையினின்று வழுவுதலை உணர்வர். பொறி சூடேறியதன் விளைவே அது. பிறராயின் அப்பதிவை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கியிருப்பர். இவர்கள் அழித்திலர். வழுவுகின்ற சுருதியைப் பின்பற்றித் தம் கைகளையும் வழுவவிட்டனர். இசைவாணன் கருவியை ஆளாமல், கருவியின் போக்கினைச் செவியால் அறிந்து தொடர்கின்றான் என்பதே அப்பகுதியில் நாம் காணும் புதுமை. அத்தட்டு இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் 15-ஆம் இடம் வரை ஏறிற்று.

அதே தட்டில் ஃப்ரோஸெ இசைத்த மெல்லட்ரான் என்னும் கருவியும் இத்தகைய முரட்டுக் கருவியே. ஒவ்வொரு கட்டையின் கீழும் வயலின் முதலியவற்றின் ஒலி பதிந்த நாடா ஒன்று உண்டு. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும்; ஏறத்தாழ எட்டு வினாடியில் முடிந்துவிடும். அதற்குள் விரலை எடுத்தல் வேண்டும். எடுத்து எடுத்து வைக்கும் அவ்வியக்கமே அவ்விசைக்கு மூச்சு வாங்குவது போன்றதோர் அசைவைத் தந்தது. முடிவின்றி நீளும் நாடாவை அவர்க்குக் கொடுத்திருந்தால் அவ்வசைவு வந்திராது.

1974-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் பிரான்சு தேசத்து ரீம்ஸ் நகரப் பேராலயத்தில் இக்குழுவினர் இசைத்தனர். அப்பேராலயம் பிரெஞ்சு மன்னர் பலர் முடிசூடிய இடம். இடத்திற்குப் பன்மடங்கு மிகுதியாக மக்கள் திரண்டனர். கழிப்பிடமும் போதிய அளவில் இல்லை. ஆலயச் சுவர்களும் தூண்களும் அசுத்தமாயின. பெருங்கண்டனம் எழுந்தது. கிறிஸ்தவராகிய எமக்கும் அச்செய்தி வருத்தந் தருவதே. ஆனால் பழி யாருடையது? அளவின்றி மக்களை உள்ளே விட்டவர்களுடையதன்றோ? இசையின்மேல் அதனை ஏற்றினார் பலர். பொறியின் ஓசை ஆலயத்திற்கு அடாது என்றும் கூறினர். ஆர்கன் என்பது யாது? துருத்தியும் குழாயும் நெம்புகோலும் கட்டையுமாய் அமைந்த பெரும்பொறியே. பல நூற்றாண்டுப் பழக்கத்தால் அதனைப் பொறியென்று நாம் எண்ணுவதில்லை; அவ்வளவே.

அடுத்த ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபையார் தம் பேராலயங்களை இவர்களுக்குத் திறந்துவிட்டனர். 1975-ஆம் ஆண்டு அக்டோபரில் காவென்ட்ரி, லிவர்பூல், யார்க் ஆகிய மூன்றிலும் இவர்கள் இசைத்தனர். காவென்ட்ரியின் பழைய பேராலயம் 1940-ஆம் ஆண்டில் ஜெர்மானியரின் குண்டுவீச்சால் அழிந்தது; அவ்விடிபாட்டை அங்ஙனமே விட்டு அதனருகே எழுப்பிய புதிய ஆலயம் 1962-இல் திருநிலை பெற்றது. அதனுள் பெர்லின் நகரத்து மூவர், பெயர்ப்பலகையின்றி, பாட்டின்றி, ஒரு சொல்லும் பேசாது அமர்ந்து இசைத்தனர் என்பதை எண்ணுந்தோறும் எம் உள்ளம் நெகிழ்கின்றது. பேராலயத்தில் எழுந்த ஒலி உடனே அடங்காது. பல வினாடி நின்று மோதும். விரைந்து வாசித்தால் யாவுங் குழம்பும். ஆகவே அக்கட்டடமும் மோக் பொறியைப் போலவே இவர்களை அடக்கி, காத்திருக்கக் கற்பித்தது என்பது எம் கருத்து.

1977-இல் 'சார்சரர்' என்னும் படத்திற்கு, அதன் காட்சி ஒன்றனையும் பாராமலே இவர்கள் இசையமைத்தனர். 1980-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் கிழக்குப் பெர்லினில் இசைத்தனர். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கப் படங்களுக்கு இசையமைக்கும் பணி குவிந்தது. இவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. யாம் கருதத்தக்கது வேறொன்று. அவ்வாண்டுகளில் எண்முறைப் பொறிகள் வந்தன. அவை சூட்டிற்கு அஞ்சா, சுருதி கலையா, நேற்றுச் சேமித்த ஒலியை இன்று அவ்வாறே திருப்பித் தரும். 1985-ஆம் ஆண்டுத் தட்டாகிய 'லெ பார்க்' என்பதைக் கேட்டால் விளைவு புலனாகும். உலகத்துப் பூங்காக்களின் பெயரால் அமைந்த சிறுசிறு உருப்படிகள், தெளிவானவை, சில இனியவை. பக்கம் முழுதும் நீண்ட பழைய இசையிலோ, அடுத்து வருவது யாதென்று வாசிப்பவரும் அறியார். இங்கே யாவரும் அறிவர். இத்தட்டுகளை விரும்புவார் உலகில் மிகப்பலர் என்பதும், படத்திற்கு இசையமைப்பார்க்கு நாள்வரையறை உண்டு என்பதும் உண்மையே. விருப்பத்தோடு யாம் வழக்காடவில்லை. முன்னேற்றம் என்று கூறுவதனையே மறுக்கின்றோம். ஃபிராங்கெ 1987-இல் விலகினார். அதன்பின் ஃப்ரோஸெயின் புதல்வர் ஜெரோம் உட்படப் பலர் வந்தனர், போயினர்; தட்டுகள் நூற்றுக்கு மேற்பட்டன.

2015-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் வியன்னா நகரில் ஃப்ரோஸெ காலமானார். தந்தையோடு குழுவும் முடிந்தது என்று ஜெரோம் வெளிப்படையாகவே கூறினார். அவர் கூற்றினை எளிதிற் தள்ளிவிட இயலாது. முதல்வரும் இல்லை, முதல்வரோடு சேர்ந்து பெயர் பெற்றாரும் இல்லை எனின், எஞ்சியது பெயர்ப்பலகைதானே? 2005 முதல் குழுவில் இருந்த தோர்ஸ்டன் குவேஷ்னிங், வயலின் இசைக்கும் ஹொஷிகோ யமானெ முதலானோரோடு அதனைத் தொடர்ந்து நடத்துகின்றார். ஃப்ரோஸெ விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு 2017-இல் 'குவாண்டம் கேட்' வெளிவந்தது. அவருடைய பழைய பதிவுகளினின்றும் எடுத்தாண்டு 2022-இல் 'ரௌம்' வெளிவந்தது. குறிப்பும் பதிவும் வைத்திருத்தல் உரிமைக்குச் சான்றாகா என்றே யாமும் எண்ணினோம்.

ஆயினும் ஒன்று எம்மை அக்குழுவின் பக்கம் திருப்பிற்று. இன்று கச்சேரியின் இறுதியில், எழுதிவைத்தவற்றை முடித்தபின், முன்னேற்பாடில்லாத ஒரு நெடும்பகுதியை அவர்கள் அரங்கிலேயே இயற்றுகின்றனர். எதனையும் செய்யவல்ல பொறிகள் கையில் இருக்க, என்ன வரும் என்பதை அறியாத நிலையைத் தாமே வேண்டிப் பெறுகின்றனர். அவற்றுட் சில தொடங்கிய இடத்திலேயே சுழன்று தளர்கின்றன. சில, இருபது நிமிடங் கழித்து, யாரும் எண்ணாத ஓரிடத்திற்குச் சென்று சேர்கின்றன. தளர்ந்தவற்றையும் மறைக்காமல் 'செஷன்ஸ்' என்ற பெயரில் வரிசையாக வெளியிட்டு வருகின்றனர்.