ஐஸ் கிங்கின் கண்ணீருக்குச் சான்றிதழ் எதற்கு?

தொலைக்காட்சிக் கார்ட்டூன்களைப் பற்றி எழுதுவோரிடையே ஒரு வாய்பாடு வேரூன்றிவிட்டது. நகைப்பிற்குரிய துணைப்பாத்திரம் ஒன்று இருக்கும். பல வாரங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம். பிறகு ஒருநாள் அதன் துயரமான முன்கதை வெளிப்படும். உடனே, “எத்துணை ஆழமான பாத்திரம்!” என்று வியந்து கட்டுரை எழுதுவோம். இவ்வாய்பாட்டுக்குப் பலரும் காட்டும் சான்று, ‘அட்வெஞ்சர் டைம்’ தொடரில் வரும் ஐஸ் கிங். அதே சான்றைக் கொண்டு இவ்வாய்பாடு பிழையானது என்று வாதிட விரும்புகிறேன். பிழை என்பதோடு நில்லாமல், அது நம் அறவுணர்வையும் கெடுக்கிறது.

தொடரை அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். பென்டில்டன் வார்ட் உருவாக்கிய இத்தொடர் 2010 முதல் 2018 வரை கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஒளிபரப்பானது. ஃபின் என்னும் சிறுவனும் ஜேக் என்னும் நாயும் ஒரு மாயநாட்டில் நிகழ்த்தும் சாகசங்களே அதன் மையம். ஐஸ் கிங் அவர்களுடைய எதிரி; ஆனால் யாரும் அஞ்சாத எதிரி. நீலத்தோல், நீண்ட வெண்தாடி, தலையில் பொன்மகுடம். இளவரசிகளைக் கடத்திவந்து தன்னை மணந்துகொள்ளுமாறு கெஞ்சுவான்; பெங்குவின்களைக் குடிமக்களாக எண்ணி உரையாடுவான்; இறுதியில் உதைபட்டு வீழ்வான். முதல் இரண்டு பருவங்களில் அவனுக்கு வேறு வேலையே இல்லை.

மூன்றாம் பருவத்தில், 2011 டிசம்பரில், அவனுடைய பழைய வீடியோ நாடாக்கள் ஃபின், ஜேக் கைகளில் கிடைக்கின்றன. கடைசி நாடாவில் உண்மை வெளிப்படுகிறது. அவன் ஒருகாலத்தில் சைமன் பெட்ரிகாவ் என்னும் பழம்பொருள் ஆய்வாளர். விலைக்கு வாங்கிய மகுடத்தைத் தம் வருங்கால மனைவி பெட்டியிடம் வேடிக்கை காட்ட அணிந்தார். அன்றிலிருந்து அம்மகுடம் அவருடைய அறிவையும் நினைவையும் தின்னத் தொடங்கியது. 2012இல் வந்த ‘ஐ ரிமெம்பர் யூ’ என்னும் அத்தியாயம், பேரழிவுக்குப் பின் மார்சலின் என்ற ஆதரவற்ற சிறுமியை அவர் காத்து வளர்த்ததைச் சொல்கிறது. இன்று மார்சலின் எதிரில் நின்றாலும், அவளைத் தாம் வளர்த்தது அவருக்கு நினைவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். மேலே நானும் அறியாமலே ஐஸ் கிங்கை ‘அவன்’ என்றும் சைமனை ‘அவர்’ என்றும் எழுதியிருக்கிறேன். தமிழில் இத்தொடரைப் பேசும் நண்பர்களும் அப்படியே பேசுகிறார்கள். உடல் ஒன்று, உயிர் ஒன்று. படிப்பும் பதவியும் இருந்தபோது ‘அவர்’; அவை போனதும் ‘அவன்’. ‘மறைந்திருந்த ஆழம்’ என்று நாம் கொண்டாடுவது உண்மையில் எதை? ஐஸ் கிங்கின் ஆழத்தையா, சைமனின் தகுதியையா?

அந்த நாடாக்களுக்கே மீண்டும் செல்வோம். கடைசி நாடாவுக்கு முந்தையவற்றில் இருப்பவை என்ன? முதியவர் ஒருவர் தனியே அமர்ந்து, கேட்பார் யாருமின்றி ஒளிப்பதிவுக் கருவியிடம் தம் அன்றாடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சதித்திட்டங்களை எதிர்பார்த்துப் பார்க்கும் ஃபினும் ஜேக்கும் சலிப்படைகிறார்கள். நாமும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறோம். தனிமை முழுவதும் அந்நாடாக்களிலேயே இருந்தது. அதைக் காண நமக்கு ஒரு முன்னாள் அறிஞரின் முகம் தேவைப்பட்டது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இவ்விடத்தில் நமக்குத் துணைவரும். நகை பிறக்கும் களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. அழுகை பிறக்கும் களங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. அசைவு என்பது முன்னிருந்த நிலை கெட்டு வருந்துதல். இளிவு என்பது பிறரால் இகழப்படுதல். ஐஸ் கிங்குக்காக நாம் அழும்போது அசைவுக்காகவே அழுகிறோம்: எப்படி இருந்தவர், இப்படி ஆகிவிட்டாரே! எனில், முன்பு எந்த உயர்நிலையும் இல்லாதவன் கதி என்ன? அவன் விழுவதற்கு உயரமே இல்லையே. நாம் அழவேண்டியது இளிவுக்காக. எள்ளலும் இளிவும் ஒரே செயலின் இரு பக்கங்கள்: சிரிப்பவனுக்கு எள்ளல், சிரிக்கப்படுபவனுக்கு இளிவு. அசைவுக்கு மகுடத்தைக் குற்றம் சொல்லலாம். இளிவுக்கு நம்மைத்தான் சொல்லவேண்டும். அதனாலேயே நாம் அசைவை விரும்புகிறோம் என்று ஐயுறுகிறேன்.

இது வெறும் திறனாய்வுச் சிக்கலன்று. பெங்களூரில் நான் வளர்ந்த தெருவில் நினைவிழந்த முதியவர் இருவர் இருந்தனர். ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மற்றவர் வீடுகளில் பாத்திரம் தேய்த்து வாழ்ந்த ஒரு மூதாட்டி. ஆசிரியரைப் பார்த்து நாங்கள் சிரித்தால், “எப்பேர்ப்பட்ட மனுஷர் தெரியுமா?” என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். மூதாட்டியோ குழாயடியில் நின்று, என்றோ இறந்துபோன தம் மகனைப் பள்ளிக்கு நேரமாயிற்று என்று அழைப்பார். “இதோ வர்றேம்மா” என்று சிறுவர்கள் குரல் கொடுத்துச் சிரிப்போம். நானும் கொடுத்திருக்கிறேன். எங்களை யாரும் அதட்டியதில்லை. அவரிடம் காட்ட முன்கதை எதுவும் இல்லை.

என் கூற்றுக்கு மறுப்பு எழும். முன்கதைதானே நம் பரிவைத் தூண்டுகிறது, அதில் தவறென்ன என்பர். தவறு, பரிவுக்கு அது விதிக்கும் நுழைவுத்தகுதியில் இருக்கிறது. இளவரசிகளைக் கடத்தியவர் குற்றவாளி அல்லரா என்றும் கேட்பர். ஆம், அது குற்றமே. அப்பெண்கள் பட்ட துன்பம் உண்மையே. ஆனால் அவர் ஒருகாலத்தில் ஆய்வாளராக இருந்தார் என்பதால் அக்குற்றம் குறைவதில்லை. அப்படியிருக்க, அவர்மீது நாம் காட்டும் மதிப்பு மட்டும் ஏன் அதனால் கூடுகிறது?

இத்தொடரைப் படைத்தவர்கள் நம் திறனாய்வாளர்களைவிடத் தெளிவானவர்கள் என்பேன். சைமனின் கதை வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்னரே, 2011 செப்டம்பரில், ‘ஃபியோனா அண்ட் கேக்’ என்ற அத்தியாயம் வந்தது. ஃபினும் ஜேக்கும் பெண்களாக மாறிய ஓர் உலகத்தின் கதை அது. முடிவில், அது ஐஸ் கிங் எழுதியது என்றும், அதை ஃபினையும் ஜேக்கையும் வலிந்து கேட்கவைக்கிறார் என்றும் தெரிகிறது. அன்று அது இன்னொரு நகைச்சுவை: பைத்தியக்காரக் கிழவனின் கிறுக்கல். 2018இல் பெட்டியின் ஈகத்தால் சைமன் மீண்டுவருகிறார். 2023இல் அதே பெயரில் தனித்தொடர் வந்தபோது தெரிகிறது, அந்தக் கிறுக்கல் மெய்யான ஓர் உலகம் என்று. அது ஐஸ் கிங்கின் மனத்திற்குள்ளேயே இருந்தது என்று. சைமன் நலமடைந்ததும் அவ்வுலகம் தன் மாயத்தை இழந்து வறண்டுபோகிறது. மீண்டுவந்த சைமனோ அருங்காட்சிப் பொருள்போல வாழ்கிறார். மீண்டும் மகுடத்தை அணியவும் துணிகிறார்.

நோயைப் போற்றுவதன்று இக்கதை; சைமன் இழந்தவை ஈடுசெய்ய முடியாதவை. ஆனால் ஆழம் சைமனிடம் மட்டுமே இருந்தது, ஐஸ் கிங் அதன் மேல் படிந்த அழுக்கு என்னும் வாசிப்பை இக்கதை தகர்த்துவிடுகிறது. ஐஸ் கிங்கிடமும் ஓர் உலகம் இருந்தது. அதை அவர் நமக்குச் சொல்லவும் செய்தார். நாம்தான் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்த மூதாட்டி பெங்களூருக்கு எந்த ஊரிலிருந்து வந்தார், அவர் மகனின் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்தான் அவரை ‘அவர்’ என்று சொல்லியிருப்பேன் என்றால், இத்தனை ஆண்டு படித்த என் படிப்புக்கு ஒரு பொருளும் இல்லை.