ஆறு மாதத் தவணை

குடியால் கெட்ட கல்லீரலுக்கு மாற்று வேண்டுமா? ஆறு மாதம் மதுவைத் தொடாதிரு, பிறகு பார்க்கலாம் என்பது பல மருத்துவமனைகளின் விதி. "குடித்தவன் அனுபவிக்கட்டும், சாமி" என்று நம் இல்லங்களிலும் சொல்லக் கேட்கிறேன். இதை மறுக்கிறேன்.

நான் மறுப்பது கண்காணிப்பை அன்று. சிறுநீர்ச் சோதனை கடந்த சில நாள்களின் குடியைக் காட்டும். இரத்தத்தில் பாஸ்பட்டிடில் எத்தனாலை அளந்தால் இரண்டு மூன்று வாரக் குடியும் தெரியும். நம் நாட்டில் பெரும்பாலும் உறவினரே, பல வீடுகளில் மனைவியே, தம் ஈரலில் ஒரு பகுதியை ஈகின்றனர். அந்த ஈகைக்குக் காவல் வேண்டும்தான்.

காவல் வேறு, தவணை வேறு. மது தந்த கடும் ஈரல் அழற்சியில் மருந்துக்கு இணங்காதவர்களுள் பலர் அந்த ஆறு மாதத்தைக் காண்பதேயில்லை. பிரெஞ்சு, பெல்ஜிய மருத்துவர்கள் அத்தகையோர் 26 பேருக்குக் காத்திராமல் மாற்று ஈரல் பொருத்தி, 2011-இல் முடிவை வெளியிட்டனர். ஆறு மாத இறுதியில் பிழைத்திருந்தோர் 77 விழுக்காடு, பொருத்தப்படாதவர்களில் 23. மீண்டும் குடித்தவர் மூவர். (கவனமாகத் தெரிந்தெடுக்கப்பட்ட நோயாளிகள் அவர்கள் என்பதையும் மறைக்கலாகாது.)

தவக்காலத் தண்டனை முடியாதவனுக்கும் சாகுந்தறுவாயில் வழியுணவை மறுக்கலாகாது என்று 325-இல் நீசேயாச் சங்கம் விதித்தது. ஆலயத்தில் தளர்ந்த கடுமை மருத்துவமனையில் ஏன்?

மதுக்கடைக்கு உரிமம் தந்து தீர்வை வாங்கும் நம் புதுச்சேரியில் சோதிக்கப்படுவது நோயாளியின் இரத்தம் மட்டுமே. சோதனையில் அவன் தவறியிருந்தால், பட்டியலில் பெயரை அடிக்குமுன் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.