பெட்டி அவனுடையது, சரக்கு நம்முடையது

ஆம்பூரில் கன்டெய்னர் என்றால் என்னவென்று யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஷூ கம்பெனி வாசலில் லாரி வந்து நிற்கும், அட்டைப்பெட்டிகள் ஏறும், கதவை மூடி சீல் வைத்துச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங்கில் ஒரு வாசகம் இருக்கும்: உள்ளே இன்ன சரக்கு இருப்பதாக அனுப்புகிறவர் சொல்கிறார், அடுக்கியதும் எண்ணியதும் அவரே. பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் எங்கள் வேலை என்று கப்பல்காரன் நாசூக்காகக் கையைக் கழுவும் வாசகம் அது.

கடலில் போகும்போது பெட்டிக்குள் வேர்த்து, தோலில் பூஞ்சை பிடித்தால், ஹாம்பர்க்கில் கதவைத் திறக்கும் பையர் ஆம்பூருக்குத்தான் போன் போடுவார். அதற்காகத்தானே ஒவ்வொரு ஷூ டப்பாவிலும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுகிறோம்?

இவ்வளவும் தெரிந்த முதலாளி கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வந்ததும் குழந்தையாகிவிடுகிறார். சாஃப்ட்வேர் விற்க வந்தவர், “கிளவுட்ல போட்டாச்சு பாய், மேனேஜ்டு சர்வீஸ், இனி எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க” என்கிறார். இவரும் நிம்மதியாகத் தலையாட்டுகிறார். ஆர்டர், கட்டிங், ஸ்டிட்சிங், ஏற்றுமதி இன்வாய்ஸ் என்று கம்பெனியின் மொத்த மூளையும் முகம் தெரியாத ஒரு மெஷினுக்குப் போய்விடுகிறது. “அவங்களே பாத்துப்பாங்க” என்ற அந்த வார்த்தையைத்தான் நான் கண்டிக்கிறேன்.

கிளவுடிலும் கன்டெய்னர் உண்டு, அந்தப் பெயரே கப்பலிலிருந்து வந்ததுதான். ஒரு அப்ளிகேஷனை, அது ஓடத் தேவையான சாமான்கள் எல்லாவற்றோடும் ஒரே பெட்டியாகக் கட்டிவிட்டால் எந்த மெஷினிலும் ஓடும். 2013இல் வந்த டாக்கர் அந்தப் பழக்கத்தைப் பரப்பியது. நூற்றுக்கணக்கான பெட்டிகளை எந்த மெஷினில் ஏற்றுவது, விழுந்ததை எப்படி மறுபடி எழுப்புவது என்று பார்த்துக்கொள்ள, கூகுள் 2014இல் குபர்நெட்டீஸை வெளியிட்டது. கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவன் என்று பொருள். அதைச் சொந்தமாக நடத்துவது பெரிய தலைவலி. அந்தத் தலைவலியை வாடகைக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடுதான் அமேசானும் கூகுளும் மைக்ரோசாஃப்டும் விற்கும் மேனேஜ்டு சர்வீஸ்.

அவர்கள் பார்த்துக்கொள்வது கரண்ட், ஏ.சி., மெஷின், நெட்வொர்க், அந்தச் சுக்கான்காரன். பெட்டிக்குள் இருக்கும் புரோகிராமில் ஓட்டை இருந்தால் அது நம்முடையது. பாஸ்வேர்டு, யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்ற முடிவு, டேட்டாவின் பேக்கப், மாதக் கடைசியில் வரும் பில், எல்லாமே நம்முடையவை. இதை அவர்கள் ஒளித்து வைக்கவும் இல்லை. பகிர்ந்த பொறுப்பு என்று பெயர் வைத்துத் தங்கள் தளத்திலேயே படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டது நாம்.

எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் பையர் அனுப்பும் ஸ்பெசிஃபிகேஷன் தாள்களையும் சாம்பிள் படங்களையும் ஏற்றிவைக்க ஒரு அப்ளிகேஷன் செய்தார்கள். எழுதிய பையன் கோப்புகளைக் கன்டெய்னருக்குள்ளேயே சேமிக்கும்படி விட்டுவிட்டான். கன்டெய்னர் இறந்து புதிதாக எழும்போது உள்ளே எழுதியதெல்லாம் போய்விடும். அதன் இயல்பே அது. வெளியே தனி டிஸ்க் மாட்டியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெமரி போதாமல் கன்டெய்னர் விழுந்தது, சில நொடிகளில் புதியது எழுந்தது. திங்கட்கிழமை காலை ஸ்கிரீன் பளிச்சென்று வேலை செய்தது, ஒரு சீசனின் படங்கள் மட்டும் இல்லை. சர்வீஸ் தான் சொன்னதைச் செய்தது என்பதுதான் இதில் கொடுமை.

பில்லுக்கு வருவோம். குபர்நெட்டீஸ் வருடத்துக்கு மூன்று புதிய பதிப்பு விடுகிறது. அமேசானின் குபர்நெட்டீஸ் சர்வீஸான இ.கே.எஸ்.ஸில் ஒரு பதிப்புக்கு 14 மாதம் சாதாரண ஆதரவு, ஒரு கிளஸ்டருக்கு, அதாவது சேர்ந்து ஓடும் ஒரு மெஷின் கூட்டத்துக்கு, மணிக்கு 10 சென்ட். மாதம் சுமார் 73 டாலர். அதற்குள் பதிப்பை மாற்றாமல் தூங்கினால் மணிக்கு 60 சென்ட், மாதம் சுமார் 438 டாலர். இது சுக்கான்காரன் கூலி மட்டும், மெஷின் வாடகை தனி. “அவங்களே பாத்துப்பாங்க” என்று இருந்தவருக்கு ஆறு மடங்கு.

சின்ன ஊர் ஆட்கள் என்பதால் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2018இல் டெஸ்லா கம்பெனியின் குபர்நெட்டீஸ் கன்சோல் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து கிடந்தது. புகுந்தவர்கள் டெஸ்லாவின் செலவில் கிரிப்டோ நாணயம் தோண்டினார்கள். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் பிரைவேட் கிளவுடைக் கூகுள் கிளவுட் தவறுதலாக அழித்துவிட்டது. ஆரம்பத்தில் அதை அமைத்தபோது கூகுள் ஊழியர் ஏதோ ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதுதான் காரணம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் நாள்கணக்கில் தவித்தார்கள். மீட்க உதவியவற்றில் ஒன்று, வேறொரு கம்பெனியில் யூனிசூப்பர் வைத்திருந்த பேக்கப்.

பொதுவில் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்ற எண்ணத்தின் விலை நம் தோல் பட்டறைப் பகுதிக்குப் புதிதில்லை. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும். டேனரிகள் கழிவுநீரைக் குழாய் வழியே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பின. தண்ணீர் கண்ணுக்கு மறைந்தது, குரோமியம் மறையவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் அப்படி ஒரு பொது நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். சாஃப்ட்வேரை அந்த மரணங்களோடு நிறுத்துப் பார்க்க நான் துணியமாட்டேன். குழாயின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்று பார்க்காத பழக்கம் மட்டும் ஒன்றுதான்.

கிளவுடே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். கரண்ட் போனால் யு.பி.எஸ். கதறும் ஸ்டோர் ரூமில் சர்வர் வைத்துப் பார்த்தவன்தான் நானும். வாடகை மெஷின் அதைவிட ஆயிரம் மடங்கு மேல். நாற்பது பேர் தொடும் அப்ளிகேஷனுக்குக் குபர்நெட்டீஸ் எதற்கு என்பது வேறு சண்டை. ஆனால் தோலை ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கும்போது என்ன செய்கிறோம்? டிரம் அவனுடையது, தண்ணீர் அவனுடையது, இருந்தாலும் நம் ஆள் ஒருவர் போய்ப் பக்கத்தில் நிற்கிறார், ஈரத் தோலைத் தொட்டுப் பார்க்கிறார். கிளவுடுக்கு அப்படி நின்று பார்க்க யாரை வைத்திருக்கிறோம்?

சென்ற மாதம் ஒரு முதலாளியிடம் கேட்டேன், உங்கள் கிளவுட் கணக்கின் மெயின் லாகின் யாரிடம் இருக்கிறது என்று. அக்கவுண்ட்ஸைக் கேட்டார், அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர்காரரைக் கேட்டது. அரை மணி நேரம் கழித்து விடை கிடைத்தது. கணக்கைத் திறந்த பையன் வேலையை விட்டுப் பெங்களூருக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. ஓ.டி.பி. இன்றும் அவன் செல்போனுக்குத்தான் போகிறது.