‘அவனே ஒத்துக்கிட்டானே!’ – வாக்குமூலம் மட்டும் ஏன் போதாது?

தாம்பரம், குரோம்பேட்டை, போரூர் பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கொலைச் செய்தியின் ஆயுள் பெரும்பாலும் இரண்டு நாள்தான். முதல் நாள், “போலீஸ் என்ன பண்ணுது?” மறுநாள், ‘திடுக்கிடும் வாக்குமூலம்’ என்ற தலைப்பும் தலைகுனிந்து நிற்கும் ஒருவரின் படமும். குழுவைப் பொறுத்தவரை வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. “அவனே ஒத்துக்கிட்டான். இன்னும் எதுக்கு கோர்ட்டு, வக்கீல்?”

ஆனால் அந்தத் திடுக்கிடும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. காவல்துறை அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை, சொன்னவருக்கு எதிரான சாட்சியமாக வைக்க முடியாது என்கிறது பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 23-வது பிரிவு. இது புது விதி இல்லை. 1872-ம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தில் 25, 26 என்ற எண்களில் இருந்ததுதான், 2024 ஜூலை 1 முதல் எண் மாறியிருக்கிறது. தன் போலீஸ் எப்படி வாக்குமூலம் வாங்கும் என்று ஆங்கிலேய அரசுக்கே தெரிந்திருந்தது. தன் கையை நம்பாமல் தானே போட்டுக்கொண்ட கட்டு அது.

இந்த விதியின் கனம் என்ன என்பதைத் தென்சென்னைப் புறநகர் சமீபத்தில் மிகவும் கசப்பாகப் பார்த்தது. 2017 பிப்ரவரியில் போரூரை அடுத்த முகலிவாக்கம் பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமி காணாமல் போனாள். எரிந்த நிலையில் அவள் உடல் தாம்பரம் – மதுரவாயல் புறவழிச்சாலையை ஒட்டி, அனகாபுத்தூர் அருகே கிடைத்தது. அதே குடியிருப்பில் வசித்த இளைஞரை மாங்காடு போலீஸார் கைது செய்தனர். அவர் ஒப்புக்கொண்டார் என்ற செய்தி உடனே வந்தது. வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்லும் அந்தக் குழந்தையின் பெயர் ஊரெல்லாம் ஹேஷ்டேக்காக ஓடியது.

2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இதற்கு நடுவில், ஜாமீனில் வெளியே வந்திருந்த அதே இளைஞர் 2017 டிசம்பரில் குன்றத்தூரில் தன் தாயைக் கொன்றதாக இன்னொரு வழக்கு, மும்பையில் கைது. இவர் குற்றவாளியா என்ற சந்தேகமே யாருக்கும் இருக்கவில்லை.

2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் சிறுமி வழக்கில் அவரை விடுதலை செய்தது. தாய் கொலை வழக்கிலும் முக்கிய சாட்சி பிறழ்ந்ததால் அதே ஆண்டு விடுதலையாகியிருந்தார். ‘இதுதான் நீதியா?’ என்று மறுபடி கொதித்தன அதே குழுக்கள்.

கோபம் நியாயமானது. அது போய்ச் சேர்ந்த முகவரிதான் தவறு. உச்ச நீதிமன்றம் அவரை நிரபராதி என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பவில்லை. நம்பும்படியான ஆதாரம் முன்னால் இல்லை என்றது. அரசுத் தரப்பு பெரிதாக நம்பிய சிசிடிவி பதிவு முறைப்படி நிரூபிக்கப்படவில்லை. டிஎன்ஏ மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்படிப் போயின என்ற தொடர்ச்சி காட்டப்படவில்லை. வாக்குமூலமும், அதை வைத்துப் பொருட்களை மீட்டதாகச் சொன்ன கதையும் சந்தேகத்துக்கு உரியவை என்று நீதிபதிகள் கருதினார்கள்.

கடைசியாகச் சொன்ன இடத்தில்தான் நம் நாட்டுப் புலனாய்வின் பழைய குறுக்குவழி இருக்கிறது. போலீஸிடம் சொன்ன வாக்குமூலம் செல்லாது என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. ‘கத்தியைக் கிணற்றில் போட்டேன்’ என்று கைதானவர் சொல்லி, கத்தி கிணற்றில் கிடைத்தால், கத்தி இருந்த இடத்தை அவர் அறிந்திருந்தார் என்ற அளவுக்கு மட்டும் அந்தப் பேச்சு சாட்சியம் ஆகும். ‘கொன்றேன்’ என்ற வார்த்தை அப்போதும் ஆகாது. 1946-லேயே பிரிவி கவுன்சில் இதை வரையறுத்துவிட்டது. விளைவு? பல வழக்குகளில் புலனாய்வு என்பதே, முதலில் வாக்குமூலம், பிறகு அதற்கேற்ற ஒரு மீட்பு, அதற்கு இரண்டு சாட்சிக் கையெழுத்து என்று சுருங்கிவிட்டது. வாக்குமூலம் கைக்கு வந்துவிட்டால், கேமராவின் ஹார்ட் டிஸ்க்கை முறையாகக் கைப்பற்ற வேண்டும், சான்றிதழ் வாங்க வேண்டும் என்ற பொறுமை யாருக்கு வரும்?

அந்த வாக்குமூலம் எப்படி வருகிறது என்பதும் தமிழ்நாட்டில் ரகசியம் இல்லை. ‘தப்பி ஓடியபோது பாலத்திலிருந்து குதித்தார்’, ‘கழிவறையில் வழுக்கி விழுந்தார்’ என்ற செய்திக்குக் கீழே மாவுக்கட்டுப் படத்தைப் போட்டு நாம் சிரித்திருக்கிறோம். சிரிப்பு எங்கே போய் முடியும் என்பதற்கு 2025 ஜூன் மாதத்து மடப்புரம் சாட்சி. சிவகங்கை மாவட்டத்தில் உள்ள மடப்புரம் பத்திரகாளியம்மன் கோயில், பொய் சொன்னவரை அம்மன் விடமாட்டாள் என்று மக்கள் வந்து சத்தியம் செய்யும் இடம். காசு வெட்டிப் போட்டு நீதி கேட்கும் இடம். அந்தக் கோயிலின் காவலாளி ஒருவரைத்தான், பக்தர் ஒருவரின் நகை காணாமல் போன புகாரில் தனிப்படை போலீஸார் அடித்து விசாரித்தார்கள். அவர் இறந்துபோனார்.

சாமிக்குப் பயந்து சொன்னால்?

மனசாட்சி உறுத்தித் தானாக ஒருவர் வந்து சொன்னால் கதை வேறு அல்லவா என்று கேட்கலாம். வேறுதான். சட்டமே அந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. ஆசை காட்டியோ மிரட்டியோ வாங்கிய ஒப்புதல் செல்லாது என்கிறது 22-வது பிரிவு. ஆனால் அந்த ஆசையும் பயமும் ‘இவ்வுலகம் சார்ந்ததாக’ இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ‘ஒத்துக்கோ, கேஸை லேசா போட்டுடறேன்’ என்று அதிகாரத்தில் இருப்பவர் சொல்லி வாங்கினால் செல்லாது. ‘உண்மையைச் சொல்லிடுப்பா, கடவுள் மன்னிப்பார்’ என்று ஒருவர் சொல்லி, அதனால் மனம் உடைந்து சொன்னால், அந்தக் காரணத்துக்காக மட்டும் அது அடிபடாது. நரக பயம் மனிதனைப் பொய் சொல்ல வைக்காது, லத்தி பயம் வைக்கும் என்பது 1872-ல் சட்டம் எழுதியவர்களின் கணக்கு.

அந்தக் கணக்கு முழுக்கச் சரியா என்பது சந்தேகம். குற்றவுணர்வுக்கும் குற்றத்துக்கும் நேர்க்கோடு கிடையாது. செய்யாத தவறுக்கும் மனிதர்கள் நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்கள். ‘நான் அன்னைக்கு போன் எடுத்திருந்தா அவ உயிரோட இருந்திருப்பா, நான்தான் கொன்னுட்டேன்’ என்று துக்க வீட்டில் அழுபவரை யாரும் கைது செய்வதில்லை. மாங்காட்டுத் தலபுராணத்தில் காமாட்சி ஒற்றைக் காலில் நெருப்பின் நடுவே தவம் இருப்பதே, விளையாட்டாகச் சிவனின் கண்ணைப் பொத்திய தவறுக்காகத்தான். பரிகாரம், நேர்த்திக்கடன், தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனம் எல்லாமே மனதின் பாரத்தை இறக்கும் வழிகள். அங்கே சாட்சி தேவையில்லை. கேட்பவர் எல்லாம் அறிந்தவர் என்பது நம்பிக்கை. நீதிபதிக்கு அந்த வசதி இல்லை. (கத்தோலிக்கக் குரு பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். இந்திய சாட்சியச் சட்டம் வழக்கறிஞருக்குத் தரும் பாதுகாப்பை மதகுருக்களுக்கு எழுதிவைக்கவில்லை.)

தமிழ்நாட்டு வழக்குகளில் இந்த மனசாட்சிக்கு ஒரு விநோதமான முகவரி உண்டு: விஏஓ அலுவலகம். கொலை செய்தவர், முன்பின் பழக்கமில்லாத கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப்போய், நடந்ததை எல்லாம் சொல்லி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார் என்று வழக்குக்கு வழக்கு வரும். விஏஓ போலீஸ் இல்லையே, அதனால் விதியும் குறுக்கே நிற்காது. பெற்ற தாயிடமோ நண்பனிடமோ சொல்லாததை விஏஓவிடம் ஏன் சொல்ல வேண்டும் என்ற கேள்வியை மேல் நீதிமன்றங்கள் அடிக்கடி கேட்டிருக்கின்றன. இப்படி வெளியாரிடம் சொன்ன ஒப்புதல் பலவீனமான சாட்சியம், வேறு ஆதாரம் துணைக்கு வேண்டும் என்பதுதான் நிலைத்த சட்டம்.

நிஜமாகவே மனம் வந்து சொல்ல நினைப்பவருக்கு நேரான வழி ஒன்று இருக்கிறது: மாஜிஸ்திரேட். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164, இப்போது பிஎன்எஸ்எஸ் 183. அங்கே முதலில் கேட்பது ‘என்ன செய்தாய்’ என்று இல்லை. ‘நீ சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படலாம், தெரியுமா’ என்பது. யோசிக்க நேரம் தரப்படும். ‘சொல்ல விருப்பம் இல்லை’ என்று அவர் பின்வாங்கினால், திரும்பப் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது. மனசாட்சி உண்மையானதாக இருந்தால் இந்த வாசலைத் தாண்டியும் அது பேசும்.

இந்தக் கதவுகளை எல்லாம் கழற்றி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் புறநகரிலேயே உதாரணம் உண்டு. தடா சட்டத்தின் 15-வது பிரிவு, எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியிடம் சொன்ன வாக்குமூலத்தைச் செல்லும் என்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. தடா குற்றங்கள் இந்த வழக்குக்குப் பொருந்தாது என்றும் சொன்னது; ஆனால் தடாவில் வாங்கிய வாக்குமூலங்கள் செல்லும் என்று வைத்துக்கொண்டது. தூக்கு உறுதியான 4 பேரில் ஒருவர், கைதானபோது 19 வயதான பேரறிவாளன். இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன் 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது 2022 மே 18-ல். எழுதியவரின் பேனா ஒரு வாக்கியத்தைத் தாண்டிப்போன இடத்தில் ஒருவரின் முப்பது ஆண்டுகள் நின்றன.

வருந்துகிறவருக்குச் சலுகையா?

குற்றவுணர்வுக்கு நீதிமன்றத்தில் இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. குற்றம் நிரூபணமான பிறகு, தண்டனையை அளக்கும்போது அது வரலாம். 1980-ன் பச்சன் சிங் தீர்ப்பு, மரண தண்டனை ‘அரிதினும் அரிதான’ வழக்கில் மட்டும்தான் என்றதோடு, திருந்தும் வாய்ப்பு உண்டா என்று பார்க்கவும் சொன்னது. 2022-ல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது: குடும்பப் பின்னணி, மனநல அறிக்கை, சிறையில் நடத்தை எல்லாவற்றையும் விசாரணை நீதிமன்றமே கேட்டு வாங்க வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. செய்தவன் அழுதால் ‘திருந்திவிட்டான்’. செய்யாதவன் கடைசிவரை ‘நான் செய்யலை’ என்றே சொல்வான். பார்ப்பவருக்கு அது திமிராகத் தெரியும். கண்ணீரை எடைபோடும் தராசு யாரிடமும் இல்லை. அதனால்தான் ஒருவர் வருந்துகிறாரா என்பதை ஒரே நாளில், கூண்டில் நிற்கும் முகத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது; மாதக்கணக்கில் பார்த்தவர்களின் அறிக்கை வேண்டும்.

முகலிவாக்கம் வழக்கில் இது எதுவும் நடக்கவில்லை. குற்றச்சாட்டு பதிவானபோது அவருக்கு வக்கீல் இல்லை. பிறகு இலவசச் சட்ட உதவியில் வந்தவருக்குச் சாட்சி விசாரணை தொடங்கும் முன் கிடைத்தது நான்கு நாள். இரண்டு மாதத்தில் விசாரணை முடிந்தது. ‘விரைவான நீதி’ என்று அன்று பாராட்டினார்கள். 2018 பிப்ரவரி 19 அன்று குற்றவாளி என்ற தீர்ப்பும், தூக்கு என்ற தீர்ப்பும் ஒரே நாளில் வந்தன. ஏழரை ஆண்டு கழித்து இரண்டும் போயின. அந்தக் குழந்தையைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு, சட்டப்படி இன்று பதில் இல்லை.