ஆம்பூர் வந்தால் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்: பண்பாட்டுச் சுற்றுலாவில் யாருடைய பண்பாடு?

சென்ற தை மாதம் இரண்டு நாள் வழிகாட்டி வேலைக்குப் போயிருந்தேன். காத்மாண்டுவில் கிளம்பி காசி, கொல்கத்தா, பூரி, சென்னை என்று தரைவழியாகவே வந்து, வேலூர், ஏலகிரி, மைசூர், ஊட்டி வழியாகக் கன்னியாகுமரியில் முடியும் பயணம் அது. பேருந்தில் பதினான்கு பேர். பாதிப்பேர் ஐரோப்பியர்கள், மீதிப்பேர் தில்லி, புனே பக்கத்தவர்கள். விளம்பரத்தில் 'தெற்காசியப் பண்பாட்டுப் பயணம்' என்று போட்டிருந்தார்கள். வேலூர்ப் பகுதிக்கு ஆங்கிலம் பேசத் தெரிந்த உள்ளூர் ஆள் வேண்டும் என்று ஒரு கல்லூரித் தோழி மூலமாக என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் நாள் காலையில் பயண மேலாளர் ஒரு தாளைக் கையில் கொடுத்தார். எங்கே நிற்க வேண்டும், எத்தனை நிமிடம், என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. வேலூர்க் கோட்டை, ஜலகண்டேசுவரர் கோயில், மாலையில் ஸ்ரீபுரம் பொற்கோயில். மறுநாள் ஆம்பூரில் பிரியாணி, பிறகு ஏலகிரி. கடைசியில் ஒரு வரி: 'ஆம்பூர் நெருங்கும்போது கண்ணாடிகளை ஏற்றிவிடவும். வாடை வரும்.'

அந்த வாடையில்தான் நான் வளர்ந்தேன். அப்பா இருபத்தாறு வருடம் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியோடு கிடந்தவர். அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர். அந்தக் கூலியில் படித்த ஆங்கிலத்தை நம்பித்தான் இந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இது மேலாளருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

கோட்டையில் 1806 ஜூலை 10 புரட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாளில் இருந்தபடியே சொன்னேன். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது என்று கம்பெனி ராணுவம் உத்தரவு போட்டது. புதிய தலைப்பாகை ஒன்றையும் கொண்டுவந்தது. அதில் தோலாலான ஒரு சின்னம் இருந்தது. அந்தத் தோல் பசுவுடையதோ பன்றியுடையதோ என்று பேச்சு பரவியது. இந்து, இஸ்லாமியச் சிப்பாய்கள் இரு தரப்பினரும் கொதித்தார்கள். கோட்டைக்குள் சிறைவைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளைச் சுற்றியும் கிளர்ச்சி திரண்டது. ஆற்காட்டிலிருந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை அதை ரத்தத்தில் ஒடுக்கியது.

ஒரு ஜெர்மன் பெண்மணி கேட்டார்: "தோல் பட்டால் என்ன அவமானம்?"

"மத உணர்வு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். தாளில் அவ்வளவுதான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நாம் பள்ளியில் இந்த வரலாற்றைப் படிக்கும்போது யாரும் நின்று கேட்காத கேள்வி அது. சிப்பாய்களின் தியாகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்நிய ஆட்சி தங்கள் உடலின்மேல் உத்தரவு போடுவதை எதிர்த்து எழுந்தவர்கள் அவர்கள். ஆனால், நெற்றியில் ஒரு துண்டுத் தோல் பட்டால் தீட்டு என்பதை எல்லாருக்கும் பொதுவான உணர்வாக வைத்துக் கதை சொல்லும்போது, தினமும் தோலில் கைவைத்துப் பிழைக்கிறவன் அந்தக் கதையில் எங்கே நிற்பான்? அவனும் அதே கோட்டைச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு வளர்கிறான். 'எங்கள் ஊர் வீரம்' என்று அவனும்தான் சொல்லிக்கொள்கிறான். அந்த வீரக்கதையின் நடுவில் அவன் கைத்தொழில் அருவருப்பாக உட்கார்ந்திருப்பதை எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை.

ஊர் சுற்றிப்பார்ப்பது சாதிக்கு அப்பாற்பட்ட பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள், அண்ணல் அம்பேத்கர் 1934இல் போன சுற்றுலாவைத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லோராவின் பௌத்தக் குகைகளைப் பார்க்கத் தோழர்கள் சுமார் முப்பது பேருடன் அவர் கிளம்பினார். வழியில் தௌலதாபாத் கோட்டை. பயணப் புழுதியோடு வந்தவர்கள் வாசலிலிருந்த குளத்தில் முகம், கை, கால் கழுவினார்கள். தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று ஒரு முதியவர் கத்திக்கொண்டு வந்தார். கூட்டம் கூடியது. கத்தியவர்கள் இஸ்லாமியர்கள். கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, அதைக் கண்காணிக்க ஆயுதம் தாங்கிய ஒரு காவலரையும் கூட அனுப்பித்தான் கோட்டையைப் பார்க்கவிட்டார்கள். தன் வாழ்க்கை அனுபவங்களை எழுதிய 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' நூலில் அண்ணலே இதைப் பதிவு செய்திருக்கிறார். உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டு வந்த ஒருவர் ஒரு கோட்டையைப் பார்ப்பதற்கும் இந்த நாட்டில் சாதி குறுக்கே நின்றது.

இன்று யாரும் குளத்தருகே காவல் நிற்பதில்லை. வேலை வேறு விதத்தில் நடக்கிறது. எது பார்க்கத் தக்கது, எது மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கத் தக்கது என்று பட்டியல் போடுகிறார்கள். 2007இல் திறக்கப்பட்ட, சுமார் 1,500 கிலோ தங்கம் பூசிய ஸ்ரீபுரம் கோயிலுக்கு எங்கள் தாளில் இரண்டரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போடும் தோல் தொழிலுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. கண்ணாடியை ஏற்ற மட்டும் ஒரு வரி.

இந்தப் பட்டியலைத் தனியார் நிறுவனம் மட்டும் போடுவதில்லை, அரசும் போடுகிறது. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா அறிவித்தது நினைவிருக்கும். ஆம்பூர் பிரியாணிக்குப் புவிசார் குறியீடு வாங்க வேண்டும், ஊரின் பெருமையை உலகறியச் செய்ய வேண்டும் என்பது நோக்கம். கோழி உண்டு, ஆடு உண்டு, மாட்டுக்கறிக்கு மட்டும் இடமில்லை. ஆம்பூரில் மாட்டுக்கறி பிரியாணி யார் வீட்டுச் சாப்பாடு என்பது ஊருக்கே தெரியும். தோல் ஷாப்பில் வேலை முடிந்து வருகிற தலித் தொழிலாளியும் இஸ்லாமியத் தொழிலாளியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவது அது. எதிர்ப்புக் கிளம்பியது. விடுபட்ட பிரியாணியைத் தாங்களே இலவசமாக வழங்குவோம் என்று இயக்கங்கள் அறிவித்தன. இதை ஏன் பாகுபாடாகக் கருதக்கூடாது என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். ஒரு பானையைச் சேர்ப்பதைவிட விழாவை நிறுத்துவது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

எங்கள் பேருந்தும் ஆம்பூரில் அதைத்தான் செய்தது. அதற்கு முன், பள்ளிகொண்டா தாண்டியதும் மேலாளர் சைகை காட்டினார். ஓட்டுநர் அண்ணன் கண்ணாடிகளை ஏற்றச் சொன்னார். சாலைக்குப் பக்கத்திலேயே பாலாறு வந்துகொண்டிருந்தது. அந்த ஆற்றைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம் ஒன்று. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்து, முழுதாகப் பதனிட்ட தோலும் ஷூவும்தான் வெளிநாட்டுக்குப் போக வேண்டும் என்று தள்ளியபோது குரோமியம் பெருகியது. டாலர் வந்தது. கழிவு பாலாற்றுக்குப் போனது. கிணறுகள் கெட்டன. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை இன்று நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது அந்த வேலூர் வழக்கு. ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து, 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றி மறுபடி தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களைச் சேறு மூடியது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் பயணிகளைப் போலவே அவர்களும் வடக்கிலிருந்து தரைவழியாகத்தான் வந்தார்கள். அவர்கள் வந்த வழியை எந்த விளம்பரமும் தெற்காசியப் பயணம் என்று சொல்லாது.

கண்ணாடி ஏறியபோது அந்த ஜெர்மன் பெண்மணி மறுபடி கேட்டார், வெளியே என்ன என்று. தோல் பதனிடும் இடங்கள் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்தது. மொராக்கோவில் ஃபெஸ் நகரத்துத் தோல் தொட்டிகளைத் தான் பார்த்திருப்பதாகச் சொல்லி, கைப்பேசியில் படம் காட்டினார். மஞ்சள், சிவப்பு, பழுப்பு என்று வட்டவட்டத் தொட்டிகள். நடுவில் முழங்கால்வரை இறங்கி நிற்கும் ஆட்கள். வாடைக்காகச் சுற்றுலாப் பயணிகள் கையில் புதினாக் கொத்து கொடுப்பார்களாம். "இங்கேயும் நிறுத்தலாமே" என்றார்.

மேலாளரிடம் கேட்டேன். "ஏம்மா, அதெல்லாம் நமக்கு எதுக்கு? வந்தவங்க நல்லதாப் பாத்துட்டுப் போகட்டும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அது 'நல்லதில்' சேர்த்தியில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம். ஃபெஸ்ஸில் நிற்கிற பேருந்து ஆம்பூரில் ஏன் நிற்காது என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டார்: "இன்னாத்துக்கு நிக்கணும்? எங்க நாத்தத்தப் படம் புடிக்கவா? உங்க அப்பா அந்த நாத்தத்தோட கல்யாணத்துக்குப் போனா தள்ளி உக்காருவாங்க. அதப் பாக்க வெளிநாட்டுலருந்து வேற ஆள இட்டுனு வரணுமா?"

அம்மா சொன்னதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. யோசிக்க யோசிக்க அவர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. அந்தப் படத்தை மறுபடி நினைத்துப் பார்த்தேன். அது மாடியிலிருந்து எடுத்த படம். பார்க்கிறவர் மேலே, உழைக்கிறவர் கீழே. கீழே நிற்கிறவருக்குப் புதினா கிடையாது. அவர் பெயர் அந்தப் பெண்மணிக்குத் தெரியாது. கூலி என்ன, முட்டிக்குக் கீழே தோல் எப்படி இருக்கிறது என்பதும் தெரியாது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போவது ஒரு வகை அவமதிப்பு. மாடியில் நின்று வண்ணம் பார்ப்பது இன்னொரு வகை. மும்பை தாராவியில் நம் தமிழ் மக்கள் வாழும் சந்துகளுக்குள் வழிகாட்டியோடு நடத்திப் போகும் சுற்றுலாவைப் பற்றியும் இதே கேள்வி பல வருடங்களாக எழுகிறது.

ஆகவே கேள்வி, பேருந்து நிற்க வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. யார் பேசுவது என்பதுதான். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறை 1997இல் அருங்காட்சியகமானபோது, அங்கே அரசியல் கைதிகளாக இருந்தவர்களே வழிகாட்டிகளானார்கள். தன்னைப் பூட்டிவைத்த அறையைத் தானே திறந்துகாட்டி, நடந்ததைத் தன் வாயால் சொன்னார்கள். அங்கே பார்வையாளன் மாடியில் நிற்க முடியாது. எதிரே நின்று கேட்டாக வேண்டும்.

எங்கள் வட்டாரத்துக்கும் அப்படி ஒரு வழி வேண்டும் என்கிறேன். கோட்டையில் 1806ஐச் சொல்லும்போது அந்தத் தோல் சின்னத்தில் நிறுத்தி, தீட்டு என்றால் என்ன, அதை யார் சுமந்தார்கள் என்று சொல்ல வேண்டும். பாலாற்றங்கரையில் இறங்கி, கிணறு கெட்ட விவசாயியும் வேலை போய்விடுமோ என்று பயந்த தொழிலாளியும் எப்படி எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர், பச்சைத்தோல் உப்புக் கட்டிலிருந்து பிரிந்து, சுண்ணாம்பில் ஊறி, மயிர் நீங்கி, சதை சீவப்பட்டு, டிரம்மில் சுழன்று தோலாவதை விளக்க வேண்டும். அது அறிவு. ஒரு தோலைத் தடவிப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்லும் விரல்கள் எந்தச் சிற்பியின் விரலுக்கும் குறைந்தவை அல்ல. வீட்டில் உட்கார்ந்து ஜோடிக்குச் சில ரூபாய்க் கூலிக்கு ஷூ மேல்பாகம் தைக்கும் பெண்கள், தாங்கள் விரும்பினால், தங்கள் நேரத்துக்கு உரிய பணம் வாங்கிக்கொண்டு, தங்கள் கணக்கைச் சொல்ல வேண்டும். மதியம் எல்லாப் பிரியாணியும் இருக்க வேண்டும்.

இதில் பொய் பூசவும் கூடாது. தோல் ஷாப்புகளில் பெரும்பாலானவை இஸ்லாமிய முதலாளிகளுடையவை, தொட்டியில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அடித்தட்டு இஸ்லாமியர்கள், இப்போது வடமாநிலத்தவர்கள். பெஞ்சில் உள்ள சகோதரத்துவம் சம்பளப் பட்டியலில் இல்லை. சங்பரிவாரம் இதைத் தூக்கிக்கொண்டு வந்து தலித்துகளையும் இஸ்லாமியர்களையும் பிரிக்கப் பார்க்கும். அதற்குப் பயந்து கூலிக் கேள்வியை விழுங்கிவிடவும் முடியாது. இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் அங்கே உழைத்தவர்கள்தான்.

இதைப் படிக்கும் இளைஞர்களில் பலர் விடுமுறைக்கு ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ வண்டியெடுத்துக்கொண்டு இந்த வழியாகத்தான் போகிறீர்கள். ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு வாணியம்பாடியைத் தாண்டுகிறீர்கள். அடுத்த முறை மாடியிலிருந்து படம் எடுக்க வராதீர்கள். பேச வாருங்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கண்ணாடி ஏற்றப்படும் இடம் இருக்கும். அங்கே யார் இருக்கிறார்கள், வழிகாட்டித் தாளை யார் எழுதினார்கள் என்று பாருங்கள்.

அந்த நிறுவனம் அடுத்த மாதம் மறுபடி என்னைக் கூப்பிட்டிருக்கிறது. போகப் போகிறேன். இந்த முறை கோட்டையில் தோல் சின்னம் வரும்போது தாளை மடித்துவிட்டு, "என் அப்பா தோல் பதனிடும் தொழிலாளி" என்று ஆரம்பிப்பேன். அதற்கு மேல் என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று அம்மாவும் நானும் இப்போது ராத்திரிகளில் பேசிக்கொண்டிருக்கிறோம். வேலை போனாலும் போகலாம். தாளை நாமே எழுதும்வரை போகத்தான் செய்யும்.